டெக்சஸ் கவுண்டி தேர்தலில் ஒரு கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு ஆதரவு அறிவிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டெக்சஸ் மாநிலத்தில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே தேர்வில் மொத்தமாக வாக்களிக்கும் வசதி 2020ஆம் ஆண்டு முதல் இல்லை. அதிபர், செனட்டர், ஆளுநர் என்று எல்லோருக்கும் தெரிந்த பதவிகளில் தொடங்கும் வாக்குச்சீட்டு கீழே இறங்க இறங்க கவுண்டி ஜட்ஜ், கமிஷனர், ஷெரிஃப், கவுண்டி கிளார்க், கான்ஸ்டபிள் என்று நீண்டுகொண்டே போகிறது; ஒவ்வொரு இடத்துக்கும் வாக்காளர் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கீழ்ப்பகுதிக்கு வரும்போது பலர் தெரியாத பெயர்களைக் கண்டு காலியாக விட்டுவிடுகிறார்கள், அல்லது கேள்விப்பட்டதுபோல் தோன்றும் பெயரைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர், காரணம் சொல்லி, தன் பெயரைப் போட்டு, "இவருக்கு வாக்களியுங்கள்" என்று எழுதும் அறிக்கை மிக அதிகமாகப் பயன்படுவது அந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரை வாக்காளர்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் மார்ச் மாதப் பிரைமரியில் இதன் தேவை இன்னும் கூடுகிறது. குடியரசுக் கட்சியின் பிரைமரியில் நிற்கும் எல்லோரும் தங்களைக் கன்சர்வேட்டிவ் என்றே சொல்லிக்கொள்வார்கள். கட்சிப் பெயரை வைத்து அங்கே யாரையும் பிரித்தறிய முடியாது. ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி ஆகிய ஊர்களைக் கொண்டதும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்வதுமான கொலின் கவுண்டியில், கவுண்டியை நிர்வகிக்கும் அவையான கமிஷனர்ஸ் கோர்ட் பல ஆண்டுகளாகக் குடியரசுக் கட்சியினர் கையில்தான் இருக்கிறது. இத்தகைய கவுண்டிகளில் உண்மையான போட்டி பெரும்பாலும் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது.

குறைந்த வரி, அளவான கடன், ஒழுங்கான காவல், திறந்த கணக்கு ஆகியவற்றை உள்ளூர் ஆட்சியின் அடிப்படைக் கடமைகளாகக் கருதுபவர்களில் நானும் ஒருவன். அந்த நம்பிக்கையோடு ஒரு வேட்பாளரை வெளிப்படையாக ஆதரிக்க விரும்பும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகள் டெக்சஸுக்கு உரியவை. பிற மாநிலங்களில் இருப்போர் தங்கள் மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 1: அந்தப் பதவியால் என்ன செய்ய முடியும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

டெக்சஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கமிஷனர்ஸ் கோர்ட் என்ற ஐவர் அவை நிர்வகிக்கிறது. பெயரில் கோர்ட் இருந்தாலும் அது நிர்வாக அவையே. கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டி ஜட்ஜ் அதற்குத் தலைமை வகிப்பார். பிரிசிங்க்ட் எனப்படும் நான்கு பகுதிகளிலிருந்து நான்கு கமிஷனர்கள் வருவார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். கவுண்டி ஜட்ஜும் 2, 4 ஆகிய பிரிசிங்க்ட்களின் கமிஷனர்களும் ஆளுநர் தேர்தல் நடக்கும் ஆண்டிலும், ஷெரிஃபும் 1, 3 ஆகிய பிரிசிங்க்ட்களின் கமிஷனர்களும் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டிலும் போட்டியிடுவார்கள். உங்கள் வீடு எந்தப் பிரிசிங்க்டில் வருகிறது என்பது வாக்காளர் அட்டையிலேயே இருக்கிறது.

இந்த அவையின் கையில் இருக்கும் மிகப் பெரிய அதிகாரம் சொத்து வரி விகிதம். மாநில வருமான வரி இல்லாத டெக்சஸில் உள்ளூர் ஆட்சிகள் பெருமளவு நம்பியிருப்பது சொத்து வரியைத்தான். விகிதம் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் இத்தனை சென்ட் என்று குறிக்கப்படுகிறது. வரிக்குரிய மதிப்பு 5,00,000 டாலராக உள்ள ஒரு வீட்டுக்குக் கவுண்டி விகிதம் 16 சென்ட் என்றால் கவுண்டிக்குப் போகும் வரி 800 டாலர். அடுத்த ஆண்டு அவை விகிதத்தை 15 சென்டாகக் குறைக்கிறது. ஆனால் வீட்டின் வரிக்குரிய மதிப்பு, குடியிருக்கும் சொந்த வீட்டுக்குச் சட்டம் அனுமதிக்கும் ஆண்டு உச்சவரம்பான 10 சதவீதம் உயர்ந்து 5,50,000 ஆகிவிடுகிறது. இப்போது வரி 825 டாலர். விகிதம் இறங்கியது, கட்டும் தொகை ஏறியது. தேர்தல் துண்டறிக்கையில் "நான் வரி விகிதத்தைக் குறைத்தேன்" என்று இருப்பதைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நேர்மையான அளவுகோல் சட்டத்திலேயே இருக்கிறது. கடந்த ஆண்டு இருந்த அதே சொத்துகளிடமிருந்து அதே மொத்த வருவாயைத் தரக்கூடிய விகிதத்தை ஒவ்வொரு ஆண்டும் கணக்கிட்டு வெளியிட வேண்டும். அதைப் புது வருவாய் இல்லா விகிதம் எனலாம். ஓர் உறுப்பினர் அதற்கு மேலான விகிதத்துக்கு வாக்களித்திருந்தால், விகித எண் எவ்வளவு இறங்கியிருந்தாலும், வரியை உயர்த்தவே வாக்களித்திருக்கிறார். 2019இல் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய செனட் மசோதா 2, நிர்வாகச் செலவுக்கான வருவாய் 3.5 சதவீதத்துக்கு மேல் உயரும்படி கவுண்டி விகிதம் வைத்தால் மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம் என்று ஆக்கியது. அதற்கு முன் அந்த எல்லை 8 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் 3.5 சதவீத எல்லையைத் தொட்டு நிற்கும் அவைக்கும், முடிந்தவரை புது வருவாய் இல்லா விகிதத்தை ஒட்டி நிற்கும் அவைக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் கவுண்டி அளவில் கன்சர்வேட்டிவ் என்ற சொல்லுக்குப் பொருள் தருகிறது என்பது என் கருத்து.

அடுத்தது கடன். சாலைக்கோ சிறைக்கோ கட்டடத்துக்கோ பாண்ட் என்ற கடன் பத்திரம் வெளியிடக் கவுண்டி பொதுவாக மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். ஆனால் சர்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன் என்ற வேறு வகைக் கடன் பத்திரத்தை, பதிவுபெற்ற வாக்காளர்களில் 5 சதவீதத்தினர் கையெழுத்திட்டு எதிர்த்தால் ஒழிய, வாக்கெடுப்பு இல்லாமலேயே வெளியிட முடியும். வேட்பாளர் இதற்கு முன் ஏதேனும் பதவியில் இருந்திருந்தால், அவர் இந்தப் பத்திரங்களுக்கு எப்படி வாக்களித்தார் என்று கட்டாயம் பாருங்கள். மேடையில் கடனை எதிர்த்துப் பேசிவிட்டு இதற்குக் கைதூக்கியவர்கள் உண்டா என்பதை அவை நடவடிக்கைக் குறிப்பு சொல்லிவிடும்.

ஓர் உறுப்பினரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஹூஸ்டனைக் கொண்ட ஹாரிஸ் கவுண்டி நல்ல எடுத்துக்காட்டு. கவுண்டி வரி விகிதத்துக்கு வாக்கெடுக்க ஐவரில் நால்வராவது அவையில் இருக்க வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். 2019இலும் 2022இலும் அங்கே சிறுபான்மையாக இருந்த இரண்டு குடியரசுக் கட்சிக் கமிஷனர்கள் கூட்டத்துக்கு வராமலிருந்து, பெரும்பான்மையினர் முன்வைத்த வரி விகிதத்தைத் தடுத்தார்கள். வரி கட்டுபவரைக் காத்தார்கள் என்று சிலரும், ஷெரிஃபுக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணத்தைத் தடுத்தார்கள் என்று வேறு சிலரும் வாதிட்டார்கள். நீங்கள் ஆதரிக்கப்போகும் வேட்பாளர் அத்தகைய நிலையில் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய கொள்கையையும் துணிவையும் ஒருங்கே அறிய இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

கவுண்டியால் முடியாதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். மாநில அரசியலமைப்பும் சட்டமும் தந்த அதிகாரம் மட்டுமே டெக்சஸ் கவுண்டிக்கு உண்டு. நில மண்டலப் பகுப்பு அதிகாரம் பொதுவாக நகராட்சிக்கே இருப்பதால், "இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பே வராமல் தடுப்பேன்" என்ற கமிஷனர் வேட்பாளரின் வாக்குறுதிக்குப் பெரிய பொருள் இல்லை. பள்ளிப் பாடமும் பள்ளி நூலகமும் பள்ளி மாவட்ட வாரியத்தின் பொறுப்பு. வீட்டு மதிப்பைக் கணிப்பது மதிப்பீட்டு மாவட்டம். எல்லைப் பாதுகாப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுக் கவுண்டி பட்ஜெட்டைப் பற்றி மூன்று நிமிடம் பேசுகிறவரை நான் எளிதில் ஆதரிக்க மாட்டேன், அவர் பேசியதில் ஒவ்வொரு வரியோடும் எனக்கு உடன்பாடு இருந்தாலும்.

படி 2: நீங்கள் ஆதரவு அறிவிக்கலாமா என்று சரிபாருங்கள்

நம் சமூகத்துக்கு இந்தப் படி மிக முக்கியமானது, அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

குடிமக்களுக்குத் தடையில்லை. கிரீன் கார்டு வைத்திருப்போர் வாக்களிக்க முடியாது. ஆனால் கருத்துச் சொல்லலாம், ஆதரவு அறிவிக்கலாம், கூட்டாட்சிச் சட்டப்படி நன்கொடையும் தரலாம். எச்-1பி, எச்-4, மாணவர் விசா ஆகியவற்றில் இருப்போர் நிலை வேறு. கூட்டாட்சி, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் அவர்கள் ஒரு டாலர்கூட நன்கொடை தரவோ தேர்தலுக்காகச் செலவழிக்கவோ கூடாது. எங்கே எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்திலும் இருக்கக் கூடாது. ஊதியம் இல்லாமல் தன்னார்வமாக உதவலாம். நிதி திரட்டும் விருந்துக்கு மனைவி குடிமகள், கணவர் எச்-1பி என்ற குடும்பம் போகும்போது காசோலை யாருடைய பணத்திலிருந்து, யார் கையெழுத்தில் போகிறது என்பதில் கவனம் தேவை. ஒருவர் பணத்தை மற்றொருவர் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம்.

குடிமகனாகும் முன்பே வாக்காளராகப் பதிந்துகொள்வது மிகப் பெரிய ஆபத்து. குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தில் இதைப் பற்றி நேரடியாகவே கேள்வி இருக்கிறது. ஆதரவு திரட்டும் ஆர்வத்தில் யாருக்கும் பதிவுப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அவர் குடிமகன்தானா என்று கேளுங்கள். அவருடைய எதிர்காலம் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழ்ச் சங்கமும் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் பெரும்பாலும் 501(சி)(3) வகை வரிவிலக்கு அமைப்புகள். 1954இல் வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதியின்படி இத்தகைய அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. வழிபாட்டின்போது ஒரு மதகுரு தன் சபையிடம் பேசுவது குறித்து 2025இல் வரித்துறை ஒரு வழக்கில் சற்றுத் தளர்வான நிலையை எடுத்ததுண்டு. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சங்கத்தின் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ அறிக்கை விடுவது பொறுப்பற்ற செயல். சங்கத் தலைவராக இருப்பவர் தனி மனிதராக ஆதரிக்கலாம். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியல், சங்கத்தின் வாட்ஸ்அப் குழு, சங்கத்தின் பொங்கல் மேடை, சங்கத்தின் முத்திரை ஆகியவற்றைத் தொடாமல் இருந்தால் போதும். பதவியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால், அடையாளத்துக்காக மட்டும் குறிப்பிடப்படுகிறது, அமைப்பின் கருத்து அல்ல என்று அதே வரியில் எழுதிவிட வேண்டும்.

கூட்டாட்சி அரசு ஊழியர்களை 1939ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டம் கட்டுப்படுத்துகிறது: பணி நேரத்திலோ அலுவலகத்திலோ பதவியின் பெயராலோ ஆதரவு கூடாது, எஃப்பிஐ போன்ற சில அமைப்புகளில் பணிபுரிவோருக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. டெக்சஸ் நீதிபதிகள் பிற வேட்பாளர்களை வெளிப்படையாக ஆதரிக்க நடத்தை விதி இடம் தரவில்லை. பள்ளி மாவட்ட ஊழியர்கள் மாவட்டத்தின் கணினியையோ மின்னஞ்சலையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தனியார் நிறுவனத்தில் இருப்போர் நிறுவன விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் உங்களுடையதே என்றாலும், பதிவுபெற்ற கார்ப்பரேஷனின் பணத்தையோ வசதியையோ வேட்பாளருக்குக் கொடுப்பதை டெக்சஸ் சட்டம் தடை செய்கிறது.

படி 3: வேட்பாளரை ஆராயுங்கள்

முதலில் ஆவணம், பிறகு ஆள். இந்த வரிசையை மாற்றினால், நேரில் கைகுலுக்கி நன்றாகப் பேசிவிட்ட மனிதரின் கணக்கைக் கறாராகப் பார்க்க மனம் வராது.

பதவியில் இருப்பவர் என்றால் வரி விகிதத்துக்கான அவருடைய வாக்கைப் பாருங்கள். அந்த வாக்கெடுப்பைப் பெயர்வாரியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான கவுண்டிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கூட்டக் குறிப்புகளில் அது கிடைக்கும். பெரிய கவுண்டிகள் கூட்டங்களின் காணொளியையும் தங்கள் தளத்தில் வைக்கின்றன. பட்ஜெட் நாளில் அவர் என்ன கேள்வி கேட்டார் என்று அதில் பார்க்கலாம். ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஐந்துக்கு ஐந்து என்று முடியும் கூட்டங்களும் உண்டு.

அடுத்து நன்கொடைக் கணக்கு. கவுண்டி வேட்பாளர்கள் கவுண்டி தேர்தல் நிர்வாகியிடமோ கிளார்க்கிடமோ அறிக்கை தாக்கல் செய்கிறார்கள்: ஜனவரி 15, ஜூலை 15 ஆகிய நாள்களில் அரையாண்டு அறிக்கை, போட்டி இருக்கும் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும் கூடுதல் அறிக்கை. சி/ஓஎச் என்ற அந்தப் படிவத்தில் ஏ1 அட்டவணை பண நன்கொடைகளையும், ஈ அட்டவணை கடன்களையும், எஃப்1 அட்டவணை செலவுகளையும் காட்டும். நீதிபதிப் பதவிகள் தவிர்த்த கவுண்டி வேட்பாளர்களுக்குத் தனிநபர் தரும் நன்கொடைக்கு டெக்சஸில் உச்சவரம்பு கிடையாது. ஆகவே ஏ1 அட்டவணையை வரிவரியாகப் படிப்பது பயனுள்ளது. சாலை ஒப்பந்தம் எடுக்கும் பொறியியல் நிறுவனங்களின் பங்குதாரர்கள், நிலம் மேம்படுத்துவோர், சிறைக்குச் சேவை வழங்குவோர் அதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறார்கள் என்று பாருங்கள். நன்கொடை வாங்கியதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. மொத்தத் தொகையில் பெரும்பகுதி கவுண்டியோடு வணிகம் செய்பவர்களிடமிருந்தே வந்திருந்தால், சிக்கனத்தைப் பற்றி அவர் பேசும்போது அதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

புதிதாக நிற்பவருக்கு வாக்குப் பதிவுகள் இருக்காது. குடியிருப்போர் சங்க வாரியம், நகராட்சிக் குழு, தேவாலயம், சிறுதொழில் என்று அவர் எதை நிர்வகித்தாரோ அதன் கணக்கை எப்படி வைத்திருந்தார் என்று உடன் இருந்தவர்களிடம் கேளுங்கள். அவர் பெயரில் வழக்குகள் உண்டா என்று மாவட்ட கிளார்க்கின் பதிவுகளில் தேடலாம்.

பிறகு நேரில் சந்தியுங்கள். கவுண்டி வேட்பாளர்கள் எளிதில் கிடைப்பார்கள். ஒரு காபிக் கடையில் அரை மணி நேரம் தருவார்கள். புது வருவாய் இல்லா விகிதத்தை ஏற்றால் எந்தச் செலவைக் குறைப்பீர்கள் என்று கேளுங்கள். "வீண்செலவை" என்று பதில் வந்தால், எந்தத் துறையின் எந்தச் செலவு என்று மீண்டும் கேளுங்கள். ஷெரிஃப் கூடுதல் துணை அதிகாரிகளைக் கேட்டால், வரிக் குறைப்புக்கும் பாதுகாப்புக்கும் இடையில் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டுமே கன்சர்வேட்டிவ் விருப்பங்கள் என்பதால் இந்த இடத்தில் மனப்பாடப் பேச்சு உதவாது. யோசித்து, கணக்குச் சொல்லி, "இது எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் பதில் அனுப்புகிறவர் நம்பத்தக்கவர்.

வேட்பாளர் இந்திய வம்சாவளியினர் என்றால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இயல்பாகவே ஒரு பாசம் கிளம்பும். நம்மவர் என்பது அவரைப் போய்ச் சந்திக்கக் காரணமாகலாம். அவருக்குக் கையெழுத்துப் போட அதுவே போதாது.

படி 4: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

கட்சிப் பிரைமரி இரட்டைப்படை ஆண்டுகளில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாயன்று நடக்கும். வேட்புமனுக் காலம் அதற்கு முந்தைய டிசம்பரின் இரண்டாம் திங்களோடு முடிகிறது. பாதிக்கு மேல் வாக்கு யாருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கிடையே மே மாத நான்காம் செவ்வாயன்று ரன்ஆஃப். வாக்காளர் பதிவு தேர்தலுக்கு 30 நாளுக்கு முன் முடிந்துவிடும். டெக்சஸில் கட்சியில் பதிந்துகொள்ளும் முறை இல்லாததால் எந்த வாக்காளரும் எந்தப் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். ஆனால் மார்ச்சில் ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர் மே மாதத்தில் மற்றக் கட்சியின் ரன்ஆஃபில் வாக்களிக்க முடியாது. இதை அறிக்கையோடு சேர்த்துச் சொல்லுங்கள், பலருக்குத் தெரிவதில்லை.

ஏராளமானோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்துவிடுகிறார்கள். ஆகவே உங்கள் அறிக்கை முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஏழெட்டு நாள் முன்பே வெளிவர வேண்டும். 30 நாள் முன் அறிக்கையில் அவருடைய நன்கொடைக் கணக்கைப் பார்த்துவிட்டு அறிவிப்பது நல்லது. இடையில் உங்களுக்குக் கிடைப்பது குறுகிய காலம்தான்.

படி 5: அறிக்கையை எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், கவுண்டியில் எங்கே எத்தனை காலமாக இருக்கிறீர்கள், எந்தப் பதவிக்கு எந்தத் தேர்தலில் யாரை ஆதரிக்கிறீர்கள் என்பது முதல் இரண்டு வாக்கியங்களில் வந்துவிட வேண்டும். அடுத்து காரணம். "நேர்மையானவர், குடும்பப் பற்றுள்ளவர், கடவுள் நம்பிக்கை கொண்டவர்" என்பதை எல்லா வேட்பாளர்களின் ஆதரவாளர்களும் எழுதுகிறார்கள்; உங்கள் வேட்பாளரைப் பிரித்துக் காட்டும் இரண்டு உண்மைகளை எழுதுங்கள். மூன்றாவதாக, உங்களுக்கு அவரோடு உடன்பாடு இல்லாத ஒன்றையும் சொல்லலாம். அப்படி ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளைப் படிப்பவர் நம்புகிறார்.

ஒரு மாதிரி தருகிறேன்:

"நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கவுண்டியில் வீடு வைத்து வரி கட்டி வாழ்கிறேன். மார்ச் மாதக் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் 3ஆம் பிரிசிங்க்ட் கமிஷனர் பதவிக்குப் போட்டியிடும் (வேட்பாளர் பெயர்) அவர்களை ஆதரிக்கிறேன். நகராட்சி மன்ற உறுப்பினராக இருந்த காலத்தில் அவர் வாக்கெடுப்பில்லாத கடன் பத்திரங்களுக்கு எதிராக வாக்களித்தார். கூட்டக் குறிப்புகளில் நானே அதைப் பார்த்தேன். புது வருவாய் இல்லா விகிதத்தில் பட்ஜெட் போட எந்தக் கட்டட வேலையைத் தள்ளிவைப்பார் என்று கேட்டபோது பெயர் குறிப்பிட்டுப் பதில் சொன்னார். பூங்கா நிலம் வாங்குவது பற்றிய அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் நம் பணத்தைச் செலவிடும் முன் இருமுறை யோசிப்பவர் என்பதால் அவருக்கு வாக்களிக்கிறேன். நீங்களும் வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எதிர்ப் போட்டியாளரைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் ஆவணத்தில் இருப்பதை மட்டும், நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுதினால் அவதூறு வழக்குக்கும் இடமுண்டு. நீங்கள் ஆதரித்தவருக்கும் அது கெட்ட பெயர்.

டெக்சஸ் வாக்குச்சீட்டுகள் தமிழில் அச்சாவதில்லை. மகனோடும் மகளோடும் வாழும் குடியுரிமை பெற்ற முதியவர்கள் கீழ்ப்பகுதிப் பதவிகளைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது அநேகமாக உங்கள் அறிக்கை ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே தமிழ் வடிவத்தைத் தனியாக, பொறுமையாக எழுதுங்கள். கமிஷனர் என்றால் என்ன செய்வார் என்று ஒரு வரி அதில் இருக்கட்டும். வேட்பாளரின் பெயர் ஆங்கில எழுத்தில் வாக்குச்சீட்டில் எப்படி இருக்குமோ அப்படியே பக்கத்தில் காட்டப்படட்டும்.

படி 6: அனுமதியும் பணமும்

ஆதரவு தெரிவிக்க வேட்பாளரின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் வெளியிடும் முன் அவருக்கு அனுப்புவது மரியாதை. உண்மைப் பிழை இருந்தால் திருத்துவார். உங்கள் பெயரையும் படத்தையும் எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதை அவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

செலவு என்று வந்தால் விதிகள் தொடங்குகின்றன. வேட்பாளரோடு பேசி, அவர் இசைவோடு நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் துண்டறிக்கை அவருக்குத் தந்த நன்கொடையாகக் கணக்கிடப்படும். செலவுத் தொகையை அவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் அறிக்கையில் காட்டுவார். அவரோடு கலந்துகொள்ளாமல் தனியாகச் செலவழித்தால், குறிப்பிட்ட தொகையைத் தாண்டியதும் நீங்களே அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிவரும். பலர் சேர்ந்து பணம் போட்டால் அது அரசியல் குழுவாகிவிடலாம். பணம் கொடுத்து வெளியிடும் விளம்பரத்தில் அது அரசியல் விளம்பரம் என்ற குறிப்பும், பணம் கொடுத்தவர் பெயரும் தேவைப்படும். வரம்புத் தொகைகள் மாறிக்கொண்டிருப்பதால் டெக்சஸ் எதிக்ஸ் கமிஷனின் அப்போதைய வழிகாட்டியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

படி 7: பரப்புங்கள்

சொந்தப் பெயரில், சொந்தத் தொடர்புகளுக்கு. தெருவில் உள்ள குடும்பங்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் நான்கு வரிச் செய்தி, முந்நூறு பேர் இருக்கும் குழுவில் போடும் நீண்ட அறிக்கையைவிட அதிகம் படிக்கப்படுகிறது.

வீட்டு முன் அடையாளப் பலகை வைக்கக் குடியிருப்போர் சங்கம் மறுத்தால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து தேர்தல் முடிந்து 10 நாள் வரை உங்கள் மனையில் வேட்பாளர் ஒருவருக்கு ஒரு பலகை வைப்பதைச் சங்கம் தடுக்க முடியாது. பலகை தரையில் நட்டதாக இருக்க வேண்டும், நான்கடிக்கு ஆறடி அளவைத் தாண்டக் கூடாது என்று சங்கம் கேட்கலாம். நெடுஞ்சாலை ஓர நிலத்தில் நடுவது குற்றம். வாக்குச்சாவடி வாசலிலிருந்து 100 அடிக்குள் ஆதரவு கேட்பதோ, வேட்பாளர் பெயர் போட்ட சட்டை அணிந்து உள்ளே போவதோ கூடாது. முதிய பெற்றோரை வாக்களிக்க அழைத்துப் போகும்போது காரிலேயே அந்தத் தொப்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

படி 8: தேர்தல் முடிந்த பிறகு

பலகையைப் பத்து நாளுக்குள் எடுத்துவிடுங்கள். உங்கள் வேட்பாளர் பிரைமரியில் தோற்று ரன்ஆஃபில் வேறு இருவர் நின்றால், இரண்டாவது ஆதரவு அறிவிக்கக் கட்டாயம் ஏதும் இல்லை. அறிவித்தால் மூன்றாம் படியின் ஆய்வை அவருக்கும் முழுமையாகச் செய்யுங்கள். இடையில் கடுமையான உண்மை ஏதேனும் தெரியவந்து ஆதரவைத் திரும்பப் பெற வேண்டியிருந்தால், முன்பு அறிவித்த அதே இடங்களில் காரணத்தோடு அறிவியுங்கள்.

வென்றுவிட்டால் உங்கள் வேலை ஆகஸ்டில் தொடங்குகிறது. அவருடைய முதல் பட்ஜெட், முதல் வரி விகித வாக்கெடுப்பு ஆகிய இரண்டு நாள்களுக்கும் கூட்டத்துக்குப் போங்கள். நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும், அவை அதை எடுக்கும் முன்போ எடுக்கும்போதோ, பேசும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்குத் தருகிறது. கூட்டம் தொடங்கும் முன் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கமாக மூன்று நிமிடம் போல் கிடைக்கும். உங்கள் தாயாரோ தந்தையாரோ தமிழில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் செல்லுங்கள், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்குக் குறைந்தது இருமடங்கு நேரம் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.